சிறிய சபையில் மைக்கும் மிக்ஸரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் திருப்பாப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர், செம்மண்டலம் என்று எந்தப் பக்கம் போனாலும் நூறு பேருக்குள் கூடும் கிறிஸ்தவ சபைகள் உண்டு. நீளமான ஒரு ஹால், மேலே ஷீட் அல்லது கான்க்ரீட், இரண்டு பாக்ஸ் (ஸ்பீக்கர்), எல்லாச் சத்தத்தையும் கலந்து கூட்டிக் குறைக்கும் ஒரு மிக்ஸர், நாலைந்து மைக், ஒரு கீபோர்டு. மிக்ஸரில் உட்காருபவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒரு வாலிபத் தம்பி அல்லது தங்கை. யாரும் முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மைக் கத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி உட்காரும் பிள்ளைகள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாவுக்குச் சொல் புரிய வேண்டும். பாட்டு எடுப்பாகக் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மைக் ஏன் கத்துகிறது? சத்தத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

மைக்கில் போன சத்தம் பாக்ஸ் வழியாக வெளியே வந்து, மறுபடி அதே மைக்கில் நுழைகிறது. நுழைந்தது இன்னும் பெரிதாகி வெளியே வருகிறது. இந்தச் சுற்று ஓர் அளவைத் தாண்டியதும் ஏதாவது ஒரு சுரத்தில் 'கொய்ங்' என்று பிடித்துக்கொள்ளும். ஆகவே சுற்றை எங்கே அறுக்கலாம் என்று பார்க்க வேண்டும். மிக்ஸரில் கை வைப்பதற்கு முன்னால் எழுந்து ஹாலைப் பாருங்கள்.

முதலில் பாக்ஸ் இருக்கும் இடம். மேடையின் பின்சுவரில் பாக்ஸை மாட்டிவிட்டு அதற்கு முன்னால் நின்று பேசினால், எந்த மிக்ஸர் வாங்கினாலும் கத்தத்தான் செய்யும். பேசுபவர் நிற்கும் கோட்டைவிட நாலைந்து அடி முன்னால், தலைக்கு மேல் உயரத்தில், ஜனங்கள் பக்கம் கொஞ்சம் கீழே சாய்த்து மாட்டுங்கள். நான் பார்த்தவரை பாதி சபைகளில் இதைச் செய்ததுமே பிரச்சினை அடங்கிவிடுகிறது.

அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்குள் போகும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். அந்த அளவுக்கு மிக்ஸரில் குறைத்துக்கொள்ளலாம், கத்துவதும் அந்த அளவுக்குக் குறையும். சபையார் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓர் அக்கா கூச்சத்தோடு முன்னே வருவார், மைக்கை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசத் தொடங்குவார். மிக்ஸரில் இருப்பவர் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை, ஏற்றிக்கொண்டே போவார். மைக் கத்தும், அக்கா பயந்து இன்னும் கீழே இறக்குவார். அந்த இடத்தில் ஏற்றவே கூடாது. முன்வரிசையில் இருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அவர் எழுந்துபோய் மைக்கை அக்காவின் உதட்டருகே உயர்த்திக் கொடுத்துவிட்டு வரட்டும். இன்னும் நல்லது, சாட்சிக்கு என்று ஒரு ஸ்டாண்டு வைத்துவிடுவது.

பாடும் பிள்ளைகள் சிலர் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். சாதாரண கார்டியாய்டு மைக் முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் எடுக்கிறது. அது அப்படி வேலை செய்யக் காரணமே வலைக்குப் பின்னால் உள்ள சின்னத் துவாரங்கள்தான். பொத்தினால் அவை அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். உடனே கத்தும். கைப்பிடியில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. அது இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், கத்தாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. பிரசங்க நேரத்தில் பாட்டுக்கார மைக்குகள் நாலும் திறந்தே கிடந்தால் பாஸ்டரின் குரலுக்குத்தான் நஷ்டம். பாட்டு முடிந்ததும் மியூட் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஈக்வலைசர், அதாவது தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதி. ஒலி எவ்வளவு தாழ்ந்தது, உயர்ந்தது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 'ஊ' என்று தாழ்ந்து ஊளையிட்டால் பெரும்பாலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் தேடலாம். 'ஈ' என்று காதைக் குத்தினால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த ஓர் இடத்தை மட்டும் குறுகலாக மூன்று நாலு டெசிபல் இறக்குங்கள். பயத்தில் பத்து இடத்தில் இறக்கினால் குரலே செத்துப் போகும்.

சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் பின்னால் இருப்பவர்களுக்குப் பேச்சு புரியவில்லை என்கிறார்கள். ஏன்?

இதுதான் முக்கியமான கேள்வி. கேட்பதும் புரிவதும் வேறு வேறு. குரலின் கனம் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது, சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. பாஸ்டர் குரல் கம்பீரமாக இருக்கட்டும் என்று பாஸைத் திருகிவிட்டால் கம்பீரம் வரும், சொல் மூழ்கிவிடும். எல்லாப் பேச்சு மைக்குக்கும், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் லோ-கட் பொத்தானை அழுத்துங்கள். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பிரசங்கத்துக்குத் தேவையானது எதுவும் இல்லை. மேடைக்கட்டையில் கால் வைக்கும் சத்தமும் மின்விசிறிக் காற்றும்தான் இருக்கும். 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கி, 3,000 பக்கம் துளி ஏற்றிப் பாருங்கள். வயதாக ஆக முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான், அதனால் பெரியவர்களுக்கு இந்த மாற்றம் உடனே தெரியும்.

அடுத்த காரணம் ஹால். கான்க்ரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். சொன்ன சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. இதை மிக்ஸரால் சரிசெய்ய முடியாது. பாக்ஸுக்கு எதிரே உள்ள பின்சுவரில் கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். தரையில் பாய் அல்லது ஜமுக்காளம் விரியுங்கள். மனிதர்களும் அவர்களின் துணியும் ஒலியை உறிஞ்சுவதால் சனிக்கிழமை சாயங்காலம் காலி ஹாலில் வைத்த அளவு ஞாயிறு காலையில் சரியாக இருக்காது. அதை எதிர்பார்த்தே வையுங்கள்.

சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. யாரையாவது மைக்கில் வாசிக்கச் சொல்லி நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். சங்கீதம் 23 வேண்டாம். எல்லோருக்கும் மனப்பாடம், காதில் விழாததையும் மனசு நிரப்பிக்கொள்ளும். மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றின் பின்பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். சலாத்தியேல், சொரொபாபேல், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு என்று பெயர்கள் வரிசையாக வரும். ஊகிக்க இடமில்லை. ஒவ்வொரு பெயரும் தெளிவாக விழுந்தால் பிரசங்கமும் விழும்.

ஹால் நீளமாக இருக்கிறது. நடுவில் இன்னொரு ஜோடி பாக்ஸ் போடலாமா?

போடலாம், ஆனால் டிலே வைத்து, அதாவது அந்த பாக்ஸின் சத்தம் சற்றுத் தாமதமாக வரும்படி, போடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். ஓர் அடிக்கு ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மின்சாரமோ வயரில் உடனே போய்விடும். 40 அடி தள்ளி இருக்கும் பாக்ஸில் டிலே இல்லையென்றால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் பக்கத்து பாக்ஸும், 35 மில்லிசெகண்டு கழித்து முன் பாக்ஸும் கேட்கும். சொல் இரட்டையாகக் குழம்பும். 35, 40 மில்லிசெகண்டு டிலே கொடுத்து, சத்தத்தை முன் பாக்ஸைவிடக் குறைவாக வைத்தால் பாக்ஸ் அங்கே இருப்பதே தெரியாது. நாற்பது அடிக்குள் முடியும் ஹாலுக்கு இது தேவையில்லை. முன் பாக்ஸை உயரத்தில் மாட்டினாலே போதும்.

எக்கோ எவ்வளவு வைக்கலாம்?

பாட்டுக்குக் கொஞ்சம். பிரசங்கத்துக்கும் ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் சுத்தமாக வேண்டாம். எக்கோ இருந்தால்தான் அபிஷேகம் இருப்பதுபோல் தோன்றுகிறது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். ஒரு ஞாயிறு எக்கோ இல்லாமல் பேசிய பிறகு, பின்வரிசையில் இருந்தவர்களிடம் பாஸ்டரையே கேட்கச் சொல்லுங்கள்.

பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரும் தன் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

ஜனங்கள் பாடுவதற்கு. வழிநடத்தும் ஒரு குரல் தெளிவாக மேலே நிற்க வேண்டும், கீபோர்டு அதற்கு அடியில் சுருதி காட்ட வேண்டும், மற்றக் குரல்கள் அதற்கும் கீழே. சபையார் பாடுவது உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் வைத்திருக்கும் சத்தம் அதிகம். நான் பாட்டு நேரத்தில் ஒரு தடவையாவது ஃபேடரை இறக்கி, ஜனங்களின் குரல் எழும்புகிறதா என்று கேட்பேன். பெரும்பாலும் எழும்பும்.

சின்ன ஹாலில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். அதன் சொந்தச் சத்தமே அதிகம், அதைத் தாண்டக் குரலை ஏற்றினால் எல்லாமே ஏறிக்கொண்டு போகும். அடியில் ஜமுக்காளம், பின்னால் கனமான திரை, வாசிக்கும் தம்பிக்கு மெல்லிய குச்சிகள் கட்டிய ராட். அவ்வளவும் செய்தும் அதிகமென்றால் எலக்ட்ரானிக் பேடுக்கு மாறலாம். கீபோர்டில் ரிதமும் இடக்கை பாஸும் ஓடும்போது தனி பாஸ் கிட்டாரும் சேர்ந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும். இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

மானிட்டரை எங்கே வைப்பது?

மானிட்டர் என்பது பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் பாக்ஸ். அதை மைக் கேட்காத பக்கத்தில் வையுங்கள். கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால், அதாவது பாடுபவரின் முகத்துக்கு எதிரே தரையில். சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம் கொஞ்சம் காது உண்டு, அதனால் மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். எந்த வகை என்று மைக்கின் பெட்டியில் போட்டிருக்கும். மானிட்டரில் பாடுபவரின் குரலும் கீபோர்டும் மட்டும் போதும்.

பாக்ஸில் 'உர்ர்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது உயிர் விஷயம். உதட்டில் சுரீர் என்று அடித்தால் அன்றைக்கு அந்த மைக்கையும் கிட்டாரையும் தொடாமல் நிறுத்திவிடுங்கள். எங்கோ எர்த் இல்லை. கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டில் ஒன்றுக்கு எர்த் விட்டுப்போயிருந்தால், கம்பியைத் தொட்ட விரலுக்கும் மைக்கைத் தொட்ட உதட்டுக்கும் நடுவே கரண்ட் பாயும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் பரவாயில்லை. பத்து, இருபது என்று காட்டினால் எர்த் சரியில்லை. தேவனாம்பட்டினம் பக்கத்து மணல் தரையில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். காணிக்கைப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன், புது மைக்குக்கும் முன்னால்.

'உர்ர்' சத்தத்துக்கு ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அதுதான் காரணம். பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் என்ற சின்ன இணைப்புப் பெட்டியைப் போட்டு, அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். மிக்ஸர், ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். மைக் வயரும் கரண்ட் வயரும் ஒன்றாகக் கட்டிப் போகக் கூடாது. சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நிற்கிறது என்று சொல்லித் தருவார்கள். நிற்கும்தான். அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளை ஷாக் வாங்கும். ஒருநாளும் செய்யாதீர்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் இரைச்சல் வருகிறது.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் அப்படித்தான். ப்யூர் சைன் வேவ் வாங்கினால் போய்விடும். கரண்ட் வந்துபோகும்போது ஆம்பில் 'டொம்' என்று அடிப்பது பாக்ஸுக்குக் கெடுதல். ஆகவே கரண்ட் போனதுமே ஆம்பை அணைத்துவிடுங்கள். எப்போதும் போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.

புதிதாக வாங்கிய வயர் ஒரு வருஷத்திலேயே கரகரக்கிறது. டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனால் கடற்கரை ஊரில் நல்ல வயருக்கும் இது வரும். உப்புக் காற்று பட்டு ஜாக்கில் பச்சை பிடிக்கிறது. மாதம் ஒரு தடவை எல்லா ஜாக்கையும் கழற்றிக் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து முறை சொருகி எடுங்கள். ஃபேடரிலும் அதையே அளவாகப் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசி ஒட்டிக் கெட்டிப்படும். மைக்குகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வலைத் தலையைத் திருகிக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம்.

ஆம்பையும் மிக்ஸரையும் தரையில் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. இடுப்பு உயரத்துக்கு ஒரு ஷெல்ஃப் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பாஸ்டர் காலர் மைக் கேட்கிறார். வாங்கலாமா?

கையில் வேதத்தைப் பிடித்தபடி நடந்து பேசுபவருக்கு அது வசதிதான். ஆனால் காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது, பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்கும் வகை. கை மைக் அளவுக்கு ஏற்ற முடியாது. அவர் பாக்ஸுக்கு முன்னால் வந்தால் கத்தும், அதனால் தரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். கன்னத்தை ஒட்டி வரும் ஹெட்செட் மைக் இதைவிட எவ்வளவோ மேல்.

வயர்லெஸ் வாங்கினால் ரிசீவரை மேடைக்குக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வையுங்கள். மனித உடம்பு அந்த அலைவரிசையைத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் வைஃபையோடு மோதி, லைவ் போகிற நேரம் பார்த்து அறுபடும். பேட்டரியை ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கோன் ஸ்பீக்கரை வெளியே கட்டலாமா? டிசம்பர் 31 இரவு வாட்ச்நைட் ஆராதனைக்கு?

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குக்குள் தவிர, அனுமதி கிடையாது. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை விலக்கு அளிக்கலாம். டிசம்பர் 31 அதில் வருகிறதா என்று காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு விதி சொல்லும் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

விதியை விடுங்கள், அக்கம்பக்கத்தாரை நினைத்துப் பாருங்கள். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மற்றவர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியிலும் டிரம்ஸிலும் ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருக்கலாம். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும். கோனை இறக்கிவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

பெரிய ஆம்ப் போட்டால் சரியாகிவிடுமா?

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 200 வாட்டுக்கு 400 வாட் போட்டாலும் காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று மட்டுமே தெரியும். பாக்ஸை நல்ல இடத்துக்கு மாற்றுவது அதைவிட அதிகம் தரும், செலவும் இல்லை. காதையும் பாருங்கள்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 94-இல் ஒரு மணி நேரம்தான். உச்சத்தில் பாடும்போது போன் ஆப்பில் அளந்து பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனாலும் நிலைமை தெரியும். பாக்ஸுக்கு முன்னால் கைக்குழந்தையோடு யாரும் உட்காராதபடி நாற்காலி போடுங்கள்.

ஐப்பசி மழை ஷீட்டில் விழும்போது ஒன்றுமே கேட்பதில்லை.

அதை எந்த பாக்ஸாலும் ஜெயிக்க முடியாது. பாஸ்டரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மழை கொட்டினால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு.

யூடியூபில் பார்ப்பவர்கள் வெறும் குரல்தான் கேட்கிறது என்கிறார்கள்.

ஹாலில் டிரம்ஸும் ஜனங்களின் பாட்டும் நேராகக் காதில் விழுகின்றன, மிக்ஸர் வழியாகப் போவதில்லை. அதனால் லைவுக்குப் போகும் வயரில் அவை இல்லை. மிக்ஸரில் ஆக்ஸ் என்று இருக்கும் தனி வெளியீடு ஒன்றில் லைவுக்குத் தனிக் கலவை செய்து, ஜனங்களை நோக்கி ஒரு மைக் வைத்து அதை ஆக்ஸில் மட்டும் சேருங்கள். ஹால் பாக்ஸுக்கு அது போகக் கூடாது. அளவை ஹெட்போனில் கேட்டு வையுங்கள்.

மிக்ஸரில் யாரை உட்கார வைப்பது?

நன்றாகக் கேட்கிறவரை, மெஷின் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெண் பிள்ளைகள் பலர் இதில் மிகத் திறமையாக வருகிறார்கள், ஏனோ அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. மிக்ஸரை மேடை ஓரத்திலிருந்தோ தனி அறையிலிருந்தோ எடுத்து ஜனங்களின் நடுவே, பின்பாதியில் வையுங்கள். ஒவ்வொரு ஃபேடருக்கும் அடியில் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்: பாஸ்டர், சாட்சி, பாட்டு 1, பாட்டு 2, கீபோர்டு. சரியாக அமைந்த ஞாயிறு அன்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், வாரத்துக்குள் யாராவது எல்லாவற்றையும் திருகியிருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் திரும்ப வைத்துவிடலாம்.